விமானிகள் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போகும் முன்: 1,180 மணி நேரம் பறந்த ஒருவருக்குப் பதில்

டெக்சாஸில் ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானப் பயிற்றுநராக வேலை செய்யும் 26 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விகளுக்கான பதில் இது. அவர் இதுவரை 1,180 மணி நேரம் பறந்திருக்கிறார். அதில் இரட்டை என்ஜின் விமானத்தில் 32 மணி நேரம். பட்டம் கணினி அறிவியலில். கிரீன் கார்டு கையில் இருக்கிறது. வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கான செக்ரைடில், அதாவது தேர்வாளரிடம் பறந்து காட்டும் தேர்வில், முதல் முறை தோற்று, இரண்டாம் முறை தேறினார். அடுத்த மாதம் விமானிகளுக்கான வேலைவாய்ப்பு முகாம் ஒன்றுக்குப் போகவிருக்கிறார். என்ன நிறத்தில் கோட்டு அணிவது, மேசைக்குப் பின்னால் நிற்பவரிடம் என்ன பேசுவது, பெரிய நிறுவனங்களின் வரிசையில் நிற்கலாமா, அந்தத் தோல்வியைச் சொல்லத்தான் வேண்டுமா என்று இந்த வரிசையிலேயே கேட்டிருக்கிறார்.

நான் அமெரிக்காவில், பெரிய நிறுவனங்களுக்காகக் குறுந்தூரப் பறப்புகளை இயக்கும் வட்டார விமான நிறுவனம் ஒன்றில் கேப்டனாக இருக்கிறேன். இத்தகைய முகாம்களில் மேசையின் இரு பக்கங்களிலும் நின்ற அனுபவம் உண்டு. உங்கள் கேள்விகளை அப்படியே தலைகீழாகத் திருப்பி அடுக்கினால் சரியான வரிசை கிடைக்கும் என்பதுதான் முதலில் எனக்குத் தோன்றியது. கோட்டைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி போதும்.

முகாமில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பெரிய கூடம், வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் வளைந்து நீளும் வரிசை. ஒரு மணி நேரம் நின்றபின் உங்களுக்குக் கிடைப்பது மூன்று நிமிடம், மிஞ்சிப்போனால் ஐந்து. அந்த நேரத்தில் எதிரில் இருப்பவர் உங்கள் தற்குறிப்புத் தாளை வாங்கி, மணி நேரக் கணக்கைப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, ஓரத்தில் ஏதோ குறித்துக்கொள்வார். 2022ஆம் ஆண்டில் விமானிகளுக்கு இருந்த தட்டுப்பாட்டில், வட்டார நிறுவனங்கள் கூடத்திலேயே நேர்காணல் நடத்தி, நிபந்தனையுடன் கூடிய பணி ஆணையை அன்றே கொடுத்ததும் உண்டு. அந்தக் காலம் இப்போது இல்லை. போயிங் விமானங்கள் வந்து சேரத் தாமதமானதால் யுனைட்டெட் நிறுவனம் 2024 மே, ஜூன் மாதங்களில் புதிய விமானிகளைச் சேர்ப்பதை நிறுத்திவைத்தது. வேறு சில நிறுவனங்களும் வேகத்தைக் குறைத்தன. மேலே இருப்பவர் நகராவிட்டால் கீழே இருப்பவருக்கும் இடம் இல்லை என்பதால், அதன் அழுத்தம் வட்டார நிறுவனங்கள் வழியாகப் பயிற்றுநர்கள் வரை வந்து சேர்ந்தது. ஆகவே, முகாமில் பேசியே வேலை வாங்கிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய விண்ணப்பத்துக்கு ஒரு முகம் கொடுக்கவே அங்கே போகிறீர்கள். விண்ணப்பம் அனுப்பாமல் போய் நின்றால், "இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு வாருங்கள்" என்ற பதிலோடு உங்கள் மூன்று நிமிடமும் முடிந்துவிடும்.

எனவே தயாரிப்பின் பெரும்பகுதி, பறந்த நேரத்தைப் பதிந்துவைக்கும் உங்கள் லாக்புக்கில் இருக்கிறது. விமான நிறுவனத்தில் சேரக் கேட்கப்படும் 1,500 மணி நேரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வதும் நல்லது. 2009 பிப்ரவரி 12 அன்று கோல்கன் ஏர் 3407 விமானம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே விழுந்து 50 பேர் இறந்தனர். அவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடியதன் பயனாக 2010இல் ஒரு சட்டம் வந்தது. அதைப் பின்பற்றி அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. 2013இல் விதிகளை மாற்றியது. அதுவரை சம்பளத்துக்குப் பறக்க அனுமதிக்கும் கமர்ஷியல் உரிமத்தோடு துணை விமானி ஆகலாம் என்றிருந்தது, அதன்பின் 1,500 மணி நேரம் கேட்கும், ஏ.டி.பி. எனப்படும் விமான நிறுவன விமானி உரிமம் துணை விமானிக்கும் கட்டாயமாயிற்று. விபத்துக்குள்ளான அந்த விமானத்தின் விமானிகள் இருவருமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள் என்பது இந்த விதியைப் பற்றிய விவாதங்களில் இன்றும் எழும் முரண். அது தனி வழக்கு. உங்களுக்கு விதி விதிதான்.

விமானப் போக்குவரத்துத் துறையில் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 அல்லது 1,250 மணி நேரத்திலேயே துணை விமானியாக மட்டும் பறக்க உதவும், கட்டுப்பாடுகளுடன் கூடிய ஏ.டி.பி. கிடைக்கும், ராணுவ விமானிகளுக்கு 750 போதும். கணினி அறிவியல் பட்டம் அந்தச் சலுகைக்குள் வராது. உங்களுக்கு 1,500தான். ஆனால் எண்ணோடு கதை முடிவதில்லை. முழு ஏ.டி.பி.க்கு அந்த 1,500க்குள் 500 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி எனப்படும் தொலைதூரப் பறப்பாகவும், 100 மணி நேரம் இரவிலும், 75 மணி நேரம் கருவிகளைக் கொண்டும் பறந்திருக்க வேண்டும். இரட்டை என்ஜினில் 50 மணி நேரம் வேண்டும். கிராஸ் கன்ட்ரி 500 சேராதவர் 200 வைத்திருந்தால், 1,500 மணி நேரம் முடிந்ததும் கட்டுப்பாடுகளுடன் கூடிய உரிமத்தைப் பெற்றுத் துணை விமானியாகச் சேரலாம். இதைப் பயிற்றுநர்களிலேயே பலர் அறிந்திருக்கவில்லை. இரட்டை என்ஜினில் 25 மணி நேரம் இருந்தாலே பல வட்டார நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. மீதியை அவர்களின் சிமுலேட்டர் பயிற்சியில் ஈடுகட்ட விதி இடம் தருகிறது. ஆக, உங்கள் 32 மணி நேரம் ஒரு குறையல்ல. அதற்காகக் கடன் வாங்கி விமானம் எடுக்க வேண்டாம்.

இப்போது உங்கள் லாக்புக்கைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து கணக்கைச் சரிபாருங்கள். பயிற்றுநர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று. கிராஸ் கன்ட்ரி என்ற ஒரே சொல்லுக்கு விதிப்புத்தகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. கமர்ஷியல் உரிமத்துக்காக எண்ணியபோது 50 கடல் மைலுக்கு அப்பால் தரையிறங்கியிருந்தால்தான் கணக்கு, ஏ.டி.பி.க்கு அந்தத் தூரத்தைத் தாண்டிப் பறந்திருந்தாலே போதும், தரையிறங்கத் தேவையில்லை. மாணவரோடு வெகுதூரம் போய்ப் பயிற்சி செய்துவிட்டு இறங்காமல் திரும்பிய பறப்புகள் உங்கள் பதிவேட்டில் விடுபட்டிருக்கக்கூடும். அவற்றைத் தேடி எடுத்தால் கணக்கு கூடும். இரண்டாவது இதற்கு நேர் எதிரானது. மாணவர் வெளியே பார்க்க முடியாதபடி கண்மறைப்பு அணிந்து கருவிகளைக் கொண்டு பறக்கும்போது பக்கத்தில் இருக்கும் பயிற்றுநர் அந்த நேரத்தைத் தன் இன்ஸ்ட்ருமென்ட் கணக்கில் எழுத முடியாது. மெய்யாகவே மேகத்துக்குள் இருந்தால்தான் எழுதலாம். மூன்றாவது இரவு. பறக்கும் நேரத்துக்கான இரவு வேறு, பயணிகளை ஏற்றிச் செல்லும் முன் அண்மையில் செய்திருக்க வேண்டிய தரையிறக்கங்களுக்கான இரவு வேறு. முன்னது சிவில் அந்தி, அதாவது சூரியன் மறைந்தபின் சிறிது நேரம் நீடிக்கும் வெளிச்சம், முடிந்ததும் தொடங்குகிறது; பின்னது சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து.

என் கதையைச் சொல்கிறேன். முதல் முகாமுக்குப் போனபோது என் தாளில் ஓர் இன்ஸ்ட்ருமென்ட் கணக்கு, விண்ணப்பத்தில் இன்னொன்று. வேறுபாடு பதினொரு மணி நேரம்தான். மேலே சொன்ன கண்மறைப்புத் தவற்றைப் பாதியில் கண்டுபிடித்து ஒரு பக்கம் மட்டும் திருத்தியிருந்தேன். மேசையில் இருந்த அம்மையார் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல், "இதில் எது உங்களுடையது?" என்று கேட்டார். அந்த நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. அவர் கேட்டது நியாயம். எரிபொருள் கணக்கையும் எடைக் கணக்கையும் நம்பி ஒப்படைக்கப்போகும் ஒருவர் தன் சொந்தக் கணக்கை எப்படி வைத்திருக்கிறார் என்பதைவிட வலுவான சான்று அந்த மேசையில் வேறு எது கிடைக்கும்?

கணக்கு சரியானபின் தற்குறிப்பு. ஒரே பக்கம். மேலே பெயர், தொலைபேசி, மின்னஞ்சல். அதற்கடுத்து உரிமங்களும் ரேட்டிங்குகளும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று. அதன் கீழ் மணி நேரப் பட்டியல்: மொத்தம், விமானத் தலைவராக, இரட்டை என்ஜின், கிராஸ் கன்ட்ரி, இரவு, கருவி, பயிற்சி அளித்தது. இந்தப் பட்டியலைத் தேட வைக்காதீர்கள். பார்ப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகும். எண்களை முழு மணி நேரமாகக் குறைத்து எழுதுங்கள், ஒருபோதும் கூட்டி எழுதாதீர்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்திருந்தால் நீக்கிவிடுங்கள். இங்கே அவற்றை யாரும் கேட்பதில்லை, பார்த்தால் சங்கடப்படுவார்கள். பணிபுரியும் உரிமை உண்டு என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள். அது சிறிய செய்தியன்று. இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் வந்து இங்கே பயிற்சி பெறும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் மணி நேரம் சேர்ந்தால் வேலை தானாக வரும் என்று நம்புகிறார்கள். அமெரிக்க விமான நிறுவனங்கள் பெரும்பாலும் நிரந்தரமான பணி உரிமை உள்ளவர்களையே சேர்க்கின்றன என்பதை அவர்கள் பணம் கட்டும் முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது, நீங்கள் கடைசியில் கேட்டதும் நான் அதிகம் பேச விரும்புவதுமான தோல்வி. சொல்லத்தான் வேண்டும். மறைக்க முடியாது என்பது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. மேலே சொன்ன 2010ஆம் ஆண்டுச் சட்டமே விமானிகளின் பதிவுகளுக்கான தரவுத்தளம் ஒன்றையும் உருவாக்கச் சொன்னது. கோல்கன் விமானத்தின் கேப்டன் தன் பழைய செக்ரைடு தோல்விகள் சிலவற்றை நிறுவனத்திடம் சொல்லவில்லை என்று அந்த விசாரணையில் தெரியவந்திருந்தது. 1,500 மணி நேர விதியும் இந்தத் தரவுத்தளமும் ஒரே விபத்தின் பிள்ளைகள்; மூத்தது 2013இல் வந்துவிட்டது, இளையதற்கான இறுதி விதி 2021இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில், 2019 பிப்ரவரி 23 அன்று அட்லஸ் ஏர் 3591 சரக்கு விமானம் டெக்சாஸின் டிரினிட்டி விரிகுடாவில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். துணை விமானி முந்தைய வேலைகளில் இருந்த பயிற்சித் தோல்விகளை மறைத்திருந்ததையும், தரவுத்தளம் வரத் தாமதமானதையும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. இந்த வரலாற்றை அறிந்த ஒருவரிடம்தான் நீங்கள் பேசப்போகிறீர்கள். அவருக்குத் தோல்வி சாதாரணம். மறைப்புதான் அச்சம் தருவது.

முகாமுக்கு முன்பே அந்தத் தரவுத்தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, உங்களைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். விமானிக்குத் தன் பதிவைப் பார்க்கும் உரிமை உண்டு. தேதியும் தோற்ற பகுதியும் உங்கள் நினைவோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து, விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுங்கள். வாகனம் ஓட்டியதில் வாங்கிய அபராதச் சீட்டுகளுக்கும் இதே நடைமுறைதான். ஓட்டுநர் பதிவையும் பார்ப்பார்கள். பிறகு தோல்வியை நான்கைந்து வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள். என்ன செய்தேன், ஏன் தவறு, மறுநாளிலிருந்து எதை மாற்றினேன், அந்த மாற்றம் இன்று என் மாணவர்களிடம் எப்படித் தெரிகிறது என்ற வரிசையில் சொன்னால் போதும். ஓடுபாதையை நோக்கி இறங்கிவரும்போது அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியதால் தோற்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "தேர்வாளர் கடுமையானவர், காற்றும் அதிகம்" என்று தொடங்கினால் கேட்பவர் அந்த வாக்கியம் முடியும் முன்பே முடிவு செய்துவிடுவார். "உயரத்தை எட்டும் முன் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை, அன்றிலிருந்து தனியாகப் பறந்தாலும் சொல்கிறேன், என் மாணவர்களையும் சொல்ல வைக்கிறேன்" என்றால் அவர் தலையசைப்பார். கேட்காமலே மூன்று நிமிடத்தில் இதை எடுத்து நீட்டவும் வேண்டாம். கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

எந்த வரிசையில் நிற்பது? 1,180 மணி நேரத்தோடு டெல்டா, யுனைட்டெட், ஃபெடெக்ஸ் வரிசைகளில் இரண்டு மணி நேரம் நிற்பது, முகூர்த்தம் முடிந்தபின் பந்தியில் இடம் பிடிக்கலாம் என்று தாலி கட்டுவதைப் பார்க்காமல் சாப்பாட்டுக் கூடத்தில் காத்திருப்பதைப் போன்றது. போன காரியம் வேறாகிவிடும். காலையில் வட்டார நிறுவனங்களின் வரிசைகளை முடியுங்கள். என்வாய், பி.எஸ்.ஏ., பீட்மான்ட் ஆகிய மூன்றும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானவை; அவற்றிலிருந்து அமெரிக்கனுக்குப் பணிமூப்பின்படி செல்லும் வழி உண்டு. என்டெவர் டெல்டாவுக்குச் சொந்தமானது. ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்றவை பல பெரிய நிறுவனங்களுக்காகப் பறப்பவை. என்வாயின் தலைமையகம் உங்கள் மாநிலத்தின் இர்விங் நகரிலேயே இருக்கிறது. எதிர்கால விமானிகளை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க யுனைட்டெட் நடத்தும் ஏவியேட் போன்ற திட்டங்களைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் மாலையில், கூட்டம் வடிந்தபின், பெரிய நிறுவனங்களின் மேசைக்குப் போங்கள். அந்த நேரத்தில் அவர்களும் களைப்போடு சற்று நிதானமாகப் பேசுவார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், யாரும் நிற்காத சில மேசைகள் இருக்கும்: சிறு சரக்கு நிறுவனங்களும் வாடகை விமான நிறுவனங்களும். அவற்றைக் கடந்து போகாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. வாடகை விமான விதிகளின்படி, மேகத்துக்குள் கருவிகளைக் கொண்டு பறக்கும் விமானத் தலைவருக்கு 1,200 மணி நேரம் போதும். நீங்கள் அதற்கு 20 மணி நேரத் தொலைவில் இருக்கிறீர்கள். அங்கேயும் 500 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி கேட்பார்கள், ஆனால் அங்கே அதற்கு 50 மைல் என்ற எல்லை இல்லை; புறப்பட்ட இடமல்லாத வேறிடத்தில் இறங்கியிருந்தால் போதும். வட்டார நிறுவனங்களில் இடம் கிடைக்க ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தால், அந்த ஓராண்டை அதே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வருவதில் செலவழித்தவரைவிட, குளிர்கால இரவுகளில் தனியாகச் சரக்கு ஏற்றிப் பறந்தவருக்குச் சொல்வதற்கு அதிகம் இருக்கும்.

பேசுவது பற்றி ஒன்று. நம்மில் பலருக்கு "நான் செய்தேன்" என்று சொல்ல வாய் வராது. "செய்தோம்" என்போம், அதுதான் பண்பு என்று வளர்க்கப்பட்டிருக்கிறோம். இங்கே நேர்காணல் செய்பவர், "ஒரு சக ஊழியரோடு கருத்து வேறுபட்ட சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்பது போல உங்கள் வாழ்விலிருந்து நிகழ்ச்சிகளைக் கேட்பார். அதில் உங்கள் கை எது என்று அவருக்குத் தெரிய வேண்டும். வானிலை சரியில்லை என்று மாணவரின் பறப்பை ரத்து செய்தது, பள்ளி முதலாளி வற்புறுத்தியும் பழுதான விமானத்தை எடுக்க மறுத்தது, நீங்களே தவறு செய்து மாணவர் அதைக் கண்டுபிடித்தது என்று ஆறேழு நிகழ்ச்சிகளை இப்போதே எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பாருங்கள். மனப்பாடம் வேண்டாம், ஒப்பிப்பது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். மேசைக்குப் பின்னால் இருக்கும் விமானிகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி எளிமையானது: இவரோடு நான்கு நாள் ஒரே காக்பிட்டில் உட்கார முடியுமா? வரிசையில் முன்னால் நிற்பவரோடு நீங்கள் பேசும் விதம், தாள் வாங்கித் தரும் பணியாளரிடம் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் அந்தக் கேள்விக்கான விடையில் சேரும். நீங்கள் கேட்கும் கேள்வியும் அப்படித்தான். அவர்களின் இணையதளத்திலேயே இருக்கும் சம்பள விவரத்தைக் கேட்பதை விட்டு, இப்போது சேர்பவர்களுக்கு எந்த ஊர் பணித்தளமாகக் கிடைக்கிறது, பணி ஆணைக்கும் பயிற்சி வகுப்பு தொடங்கும் தேதிக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேளுங்கள். சேரும் தேதியே வாழ்நாள் பணிமூப்பைத் தீர்மானிக்கும் தொழிலில் இந்த இடைவெளி சம்பளத்தைவிடப் பெரிய விஷயம்.

கோட்டு: கருநீலம் அல்லது அடர்சாம்பல், வெள்ளைச் சட்டை, அடக்கமான டை, நடந்து பழகிய காலணி. பயிற்சிப் பள்ளியின் தோள்பட்டைச் சின்னங்கள் வேண்டாம். தற்குறிப்பின் இருபது பிரதிகளை மடிக்காமல் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு காலாவதியாகவில்லையா, எஃப்.சி.சி. எனப்படும் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் தரும், ஆயுளுக்கும் செல்லும் வானொலி இயக்குநர் அனுமதி வாங்கியாயிற்றா என்று பாருங்கள். விண்ணப்பத்தில் இரண்டையும் கேட்பார்கள். முகாம் முடிந்த இரண்டு நாளுக்குள், பேசியவர் அட்டை கொடுத்திருந்தால் மூன்று வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை விண்ணப்பத்தில் மணி நேரத்தைப் புதுப்பியுங்கள்.

உங்கள் இரவு நேரம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. நூறுக்குக் குறைவாக இருந்தால், மீதமுள்ள 320 மணி நேரத்தில் அதை எப்படி நிரப்புவது என்று இப்போதே திட்டமிடுங்கள். டெக்சாஸில் ஜூன் மாதத்தில் அந்தி முடியவே ஒன்பது மணி ஆகிவிடும். அந்த நேரத்துக்குப் பறக்க வரும் மாணவர்கள் குறைவு. நவம்பருக்குப் பிறகு ஆறு மணிக்கே இருட்டிவிடும், வேலை முடிந்து வரும் மாணவர்களுக்கும் வசதி. அந்த மாலைகளை இப்போதே உங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ளுங்கள்.